காவல்துறையும் நம் சமுதாயமும்: ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளிவிழா மலரில் கல்வி குறித்தும் வேலைவாய்ப்புக் குறித்தும் எழுத வல்லோர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. நம் தெருவில் ஒரு வீட்டின் முன் காவலர் ஒருவர் வந்து நின்றால், ‘இவர் யாருக்கு உதவ வந்தார்?’ என்று எவரும் கேட்பதில்லை. ‘யாரைப் பிடிக்க வந்தார்?’ என்பதே நம் வாயில் வரும் முதற் கேள்வி. படித்தவரும் அப்படியே கேட்கின்றனர். படிக்காதவரும் அப்படியே கேட்கின்றனர். இந்தக் கேள்வி நம் நெஞ்சில் எவ்வாறு குடிபுகுந்தது, இதனை மாற்ற இந்நாட்டில் எவரேனும் முயன்றனரா, முயன்றோர் வென்றனரா, வீழ்ந்தனரா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழகம் தொடங்கிய காலத்தில் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த மாணவன் ஒருவனை நாம் மறப்பதற்கில்லை. பகலில் தனித்தேர்வுக்குப் படிப்பான். இரவில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பான். ஒருநாள் இரவுமுறை முடிந்து மிதிவண்டியில் திரும்பியவனை ரோந்து சென்ற காவலர் தடுத்து நிறுத்தினர். அவன் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. குரோம் இட்டுப் பதனிட்ட ஈரத்தோலைக் கையாண்டோர் கைகள் அப்படித்தான் இருக்கும் என்பது இவ்வட்டாரத்துச் சிறுவனுக்கும் தெரியும்; வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அக்காவலருக்குத் தெரியவில்லை. விடியும்வரை நிலையத்தில் உட்கார வைத்தனர். காலையில் அவன் தாய் வந்து அழுத பின்னர் அனுப்பிவிட்டனர். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் ஏறவில்லை. அன்று காலை நடந்த கணிதத் தேர்வை மட்டும் அவன் எழுதவில்லை. அடிபட்டானா என்று நாம் கேட்டபோது, ‘இல்லை ஐயா, சும்மா உட்காரத்தான் வைத்தார்கள்’ என்றான். அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லுக்குள் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்பது நமக்குப் பின்னரே விளங்கிற்று.

அவ்வரலாற்றை 1816-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவோம். அவ்வாண்டு சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், ஊர்த் தலைவருக்குக் காவல் அதிகாரத்தை வழங்கிற்று. வசைமொழி பேசுதல், சிறு கைகலப்பு ஆகிய சில்லறைக் குற்றங்களுக்கு ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் ‘தாழ்ந்த சாதியினர்’ ஆயின், அவரைத் தொழுமரத்தில் மாட்டி 6 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். தொழுமரம் என்பது கால்களைத் துளைகளில் நுழைத்துப் பூட்டும் மரக்கட்டை. ஒரே குற்றத்துக்கு மேலோனுக்குச் சாவடியின் நிழல். நம்மவனுக்கு ஊர்நடுவே மரக்கட்டை. இழிவு தரும் தண்டனையாயினும் இவர்களுக்குத் தகாததன்று என்னும் கருத்தைச் சட்டமே தன் வாசகத்தில் வைத்திருந்தது. ஊர் வழக்கத்தில் சாதி இருந்தது என்பதை நாம் அறிவோம். அரசாங்கத்தின் அச்சிட்ட சட்டத்திலேயே சாதிக்கொரு தண்டனை இருந்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். இவ்விதி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை ஏட்டில் உயிரோடிருந்தது.

அக்காலத்தில் தாசில்தாரே வரி வசூலிப்பவர். அவரே காவல் தலைவரும் ஆவார். இருவேறு வேலையும் ஒரே கையில் இருந்தமையால், வரி தராதவன் குற்றவாளியாயினான்; குற்றவாளிக்கு நேர்ந்த கதி வரி தராதவனுக்கும் நேர்ந்தது. இலண்டன் பாராளுமன்றத்தில் இது குறித்துக் கேள்வி எழவே, சென்னை அரசாங்கம் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. 1855-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை இன்றும் படிக்க நடுக்கந் தருவது. கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் பிணைத்துக் குனிய வைத்தே நாள் முழுதும் நிறுத்தும் ‘அண்ணாந்தாள்’, இரு மரச்சட்டங்களுக்கு இடையே விரலையும் தசையையும் வைத்து நெருக்கும் ‘கிட்டி’ எனும் தமிழ்ச் சொற்கள் அவ்வறிக்கையின் வழியாகவே ஆங்கிலேயர் காதை எட்டின. கார்ல் மார்க்ஸ் 1857-இல் நியூயார்க் நாளேடு ஒன்றில் இந்தியச் சித்திரவதை பற்றி எழுதியபோது இக்குழுவின் சான்றுகளை எடுத்தாண்டார். நம் ஊர் ஏழை உழவன் பட்ட வேதனை உலக வரலாற்றில் ஏறிய விதம் இது.

இதன் விளைவே 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம். வருவாய்த்துறையினின்று காவலைப் பிரித்து, தனித் தலைமையின் கீழ்ச் சீருடை அணிந்த படையாக அஃது ஆக்கிற்று. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். இந்தியா முழுமைக்குமான 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்துக்கும் மூத்தது இது; பெயர் சிறிது மாறித் தமிழ்நாட்டில் இன்னமும் நடப்பில் இருக்கிறது. இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். 1829-இல் இலண்டன் மாநகரில் ராபர்ட் பீல் அமைத்த காவல் படை, குடிமக்களின் இசைவையே தன் வலிமையாகக் கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு பிறந்தது. இந்தியாவுக்கு வந்ததோ அந்த முன்மாதிரியன்று. அடங்காத அயர்லாந்தை அடக்கி வைக்கப் படைக்கப்பட்ட அயர்லாந்துக் காவல் படையின் சாயல். துப்பாக்கி, குடியிருப்புக் கொட்டடி, அணிவகுப்பு, அடுக்கடுக்கான மேலதிகாரம் ஆகியவை அதன் உறுப்புகள். வேலூர்க் கோட்டைக்குள் நெடுங்காலம் நடந்துவந்த காவலர் பயிற்சிப் பள்ளியின் காலைநேரக் காலணி ஓசையை நம் வட்டாரத்து முதியோர் பலர் கேட்டிருக்கின்றனர். கால் எடுத்து வைப்பதைப் பயிற்றிய அளவுக்குப் பேசுவதைப் பயிற்றினரா என்பது ஐயமே. 1902-இல் கர்சன் பிரபு அமைத்த ஃப்ரேசர் ஆணையமே இந்தியக் காவல்துறையின் ஊழலையும் கொடுமையையும் கடுமையாகச் சாடியது என்றால், நாம் சொல்வதற்கு வேறென்ன இருக்கிறது?

இவ்விடத்தில் நம்மவர் பங்கையும் சொல்லியாதல் வேண்டும். சீருடைப் படை வந்த பின்னரும் ஊர்க்காவலின் அடித்தளம் தலையாரியும் வெட்டியானுமே. களத்து நெல்லைக் காத்தவர், இரவில் குரல் கொடுத்துச் சுற்றியவர், கொலையுண்ட பிணத்துக்கு விடியும்வரை காவல் கிடந்தவர், நிலையத்துக்கு ஓடிச் செய்தி சொன்னவர் பெரும்பாலும் நம் பாட்டன்மாரே. கூலி, களத்தில் விழுந்த சில மரக்கால் தானியம். ஊரைக் காத்தவன் நம்மவன். ஊரில் களவு போனால் முதலில் பிடிபட்டவனும் நம்மவன். பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980-இல் எம்.ஜி.ஆர். அரசால் ஒழிக்கப்பட்டபோது முன்சீப், கர்ணம் ஆகியோரின் ஆட்சி முடிந்தது குறித்து எல்லோரும் பேசினர். மக்களைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் காவல் என்பது ஏதோ மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான புதுச்சரக்கு என்று எண்ணுவோருக்காகவே இதனைக் கூறுகின்றோம். மக்கள் பங்கேற்பு என்றும் இருந்தது. மதிப்பும் ஊதியமும்தான் இல்லாதிருந்தன.

சுதந்திரத்துக்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளை விரைந்து கடப்போம். 1977-இல் அமைந்த தேசியக் காவல் ஆணையம் எட்டு அறிக்கைகள் அளித்தது; அவை அலமாரியில் உறங்கின. நம் பொருளுக்கு வேண்டிய ஆண்டு 1993.

அவ்வாண்டு தமிழ்நாட்டில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. விருத்தாசலத்தை அடுத்த முதனையைச் சேர்ந்த குறவர் வகுப்புத் தொழிலாளி ஒருவரைக் களவு வழக்கொன்றில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இட்டுச் சென்றனர். அவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவி விடாது போராடி வழக்கை உயர்நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். காவலர் தண்டிக்கப்பட 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியதே. அதே 1993-இல், இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராயிருந்த பிரதீப் வி. பிலிப், ‘காவல்துறை நண்பர்கள்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். ஒரே மாநிலம், ஒரே துறை, ஒரே ஆண்டு. காவல்துறைக்குள் இரு வேறு உள்ளங்கள் ஒருங்கே இயங்கியதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிலிப் என்பவர் எவர்? 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் பணியிலிருந்து படுகாயமுற்றுப் பிழைத்த இளம் அதிகாரி. குருதி தோய்ந்த அவரது தொப்பியும் பெயர்ப்பட்டையும் வழக்கின் சான்றுப்பொருள்களாயின. 2021 செப்டம்பரில் ஓய்வு பெறும் நாளன்று அவற்றை அணிந்துகொள்ள நீதிமன்றத்தின் அனுமதி பெற்று அணிந்தார் என்பதைச் செய்தித்தாள்களில் பலரும் படித்திருப்பீர்கள். சாவின் வாயிலைத் தொட்டு வந்தவர், சாதிப் பூசலுக்குப் பேர்போன இராமநாதபுரத்தில் பொறுப்பேற்றபோது, காவல் நிலையத்துக்கும் மக்களுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும் என்று கருதினார். நன்னடத்தையுள்ள ஆணோ பெண்ணோ, குற்றப் பின்னணி இல்லாதவராயின் எவரும் சேரலாம். இரவு ரோந்தில் உடன் செல்லலாம். திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்யலாம். பூசல் முற்றுமுன் தகவல் தரலாம். பொதுமக்களில் சிலர் நிலையத்துக்குள் எப்போதும் வந்து போய்க்கொண்டிருந்தால், அங்கே அத்துமீறல் நடப்பது அரிதாகும் என்பதும் அத்திட்டத்தின் எண்ணங்களுள் ஒன்று. 1994-இல் அஃது மாநிலம் முழுவதும் விரிந்தது. 2002-இல் காவல் பயிற்சியில் புதுமைக்கான பிரிட்டிஷ் அரசியாரின் விருதும் அதற்குக் கிட்டிற்று.

அடுத்தது திருச்சிராப்பள்ளி. 1999 முதல் 2001 வரை அந்நகரின் காவல் ஆணையராயிருந்தவர் ஜே.கே. திரிபாதி. நகரைச் சிறுசிறு ரோந்துப் பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட சில காவலரையே நிலையாகப் பொறுப்பாக்கினார். நாளுக்கொரு முகம் வந்து போவதை விட்டு, அதே காவலர், அதே தெரு. கடைக்காரரின் பெயர் காவலருக்குத் தெரியும். காவலரின் பெயர் கடைக்காரருக்குத் தெரியும். சப்பானில் ‘கோபன்’ எனும் சிறு காவற்சாவடிகள் 19-ஆம் நூற்றாண்டு முதல் செய்துவரும் காரியம் ஏறக்குறைய இதுவே. நிலையத்துக்கு வர அஞ்சுவோருக்காகத் தெருக்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளைக் காவல்துறை ‘தத்து எடுத்துக்கொண்டு’ பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்கும் வேலையற்ற இளைஞர்களுக்கும் வழி தேடியது. நம் நோக்கில் இத்திட்டத்தின் உயிர்நாடி இந்த இறுதிப் பகுதியே. குடிசைப் பகுதியில் பிறந்தான் என்பதற்காகவே ஒருவன் பெயரைச் சந்தேகப் பட்டியலில் எழுதும் கை, அவனுக்கு வேலை கேட்டு ஒரு முதலாளியின் கதவைத் தட்டிற்று. ‘தத்து’ என்ற சொல் நமக்கு உவப்பில்லை. வயது வந்த மனிதர்கள் வாழும் தெருவை எவரும் தத்தெடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் செயல் நல்லது.

ஓர் அதிகாரி மாறியதும் திட்டம் மெலிவது நம் நாட்டு வழக்கம். பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே உயிர் இராது. கேரளத்தில் 2008-இல் தொடங்கிய ‘ஜனமைத்ரி’ திட்டம், ரோந்துக் காவலர் வீடுதோறும் சென்று குடும்பத்தாரை அறிந்துகொள்வதை அலுவல் நடைமுறையாகவே ஆக்கி, நிலையந்தோறும் மக்கள் குழுவையும் அமைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் காவல்துறை நண்பர்களுக்கு அத்தகைய உறுதியான சட்டக்கட்டு இல்லை. நண்பர் எவர், அவரைத் தேர்ந்தவர் எவர், அவர் எல்லை யாது, தவறு செய்தால் கேட்பவர் எவர் என்பனவற்றுக்குச் சட்டத்தில் விடையில்லை. பல ஊர்களில், நிலையத்து அதிகாரிக்கு வேண்டியவரே நண்பராயினர். அவ்வாறு வேண்டியவராகும் செல்வாக்கு ஊரில் எந்தத் தெருவாருக்கு இருந்தது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திவந்த தந்தையும் மகனும், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பதன்பேரில் காவல் நிலையத்துக்கு இட்டுச் செல்லப்பட்டனர். இரவு முழுதும் அடி. பின்னர்க் கோவில்பட்டிக் கிளைச்சிறை. அடுத்தடுத்து இருவரும் இறந்தனர். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரிடம், அந்நிலையத்திலேயே பணியாற்றிய தலைமைக் காவலர் ஒரு பெண்மணி அஞ்சாது உண்மை உரைத்தார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. அவ்விரவில் காவல்துறை நண்பர்கள் சிலரும் தாக்குதலில் உடனிருந்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தம் இயக்கத்துக்கும் அச்செயலுக்கும் தொடர்பில்லை என்று பிலிப் மறுத்தார். எனினும் 2020 ஜூலையில் தமிழ்நாடு அரசு அவ்வியக்கத்துக்குத் தடை விதித்தது. அத்துமீறலைத் தடுக்கும் சாட்சியாக உள்ளே அனுப்பப்பட்டவரே அத்துமீறலில் பங்காளி என்று பேசப்படும் நிலையில் ஒரு நல்ல கனவு முடிந்தது. அவ்வேளையில் மாநிலக் காவல்துறையின் தலைமை இயக்குநராயிருந்தவர், திருச்சியில் மக்கள் காவலை நடத்திக்காட்டிய அதே திரிபாதி. மேலே நல்லவர் இருந்தால் கீழே எல்லாம் நன்றாகும் என்று நம்புவோர் இவ்வொற்றுமையைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் வட்டாரமும் இதற்கு விலக்கன்று. 2015 ஜூனில், பெண் ஒருவர் காணாமற்போன வழக்கில் பள்ளிகொண்டா காவலரால் விசாரிக்கப்பட்ட ஆம்பூர் இளைஞர் பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். அடித்ததே காரணம் என்று மக்கள் குமுறினர்; ஜூன் 27 இரவு ஆம்பூர் எரிந்தது. வண்டிகள் கொளுத்தப்பட்டன, காவலர் பலர் காயமுற்றனர். பின்னர் வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியோர் பெரும்பாலும் அன்றாடங் காய்ச்சிகள். ஒரு நிலையத்து அறைக்குள் நடப்பது ஓர் ஊரையே பற்றவைக்கும் என்பதற்கு வேறு சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டா.

இனி, குற்றத்துக்குத் தண்டனை மட்டுமே விடையா, முறிந்த உறவைச் செப்பனிடும் நீதி என்று ஒன்று உண்டா என்ற வினாவுக்கு வருவோம். கனடா நாட்டில் எல்மைரா என்ற சிற்றூரில் 1974-இல் இரண்டு இளைஞர்கள் ஓரிரவில் 22 இடங்களில் பொருள்களை உடைத்து நாசம் செய்தனர். அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் சென்று, செய்ததை ஒப்புக்கொண்டு, இழப்பை ஈடு செய்ய வைத்தனர். நியூசிலாந்து 1989-இல் இளங்குற்றவாளிகளுக்கான சட்டத்திலேயே, மாவோரி மக்களின் மரபையொட்டிக் குடும்பத்தார் கூடிப் பேசும் முறையைச் சேர்த்துக்கொண்டது. கேட்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது.

ஆயினும் நம் மக்கள் இதனை ஐயத்தோடு பார்ப்பதில் நியாயம் உண்டு. ‘உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லை நாம் கேளாத நாளில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் நம்மவர் நின்றுகொண்டும் எதிர்த்தரப்பினர் அமர்ந்துகொண்டும் பேசிய பேச்சுக்கு இணக்கம் என்று பெயர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் புகார் கொடுத்தால், மறுநாளே நம்மவர்மீது எதிர்ப்புகார். பிறகு ‘நீயும் விட்டுவிடு, அவனும் விட்டுவிடுவான்’ என்று நிலையத்திலேயே சமரசம். அடித்தவனும் அடிபட்டவனும் சமம் என்னும் இச்சமரசம் நீதியன்று. ஒடுக்கப்பட்டோர்மீது பொய் வழக்குத் தொடுப்பதே அச்சட்டத்தின்கீழ்க் குற்றம் என்பதை நம் இளைஞர் மனத்தில் கொள்க.

உத்தப்புரத்தை எடுத்துக்கொள்வோம். மதுரை மாவட்டத்து அவ்வூரில் 1989-இல் சாதிக் கலவரத்துக்குப் பின் எழுப்பப்பட்ட நீண்ட சுவர், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பைப் பொதுவழியினின்று பிரித்தது. 2008 மே 6-இல் மாவட்ட நிர்வாகம் பெருங் காவலோடு அதில் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தது. உடனே அமைதி பிறந்துவிடவில்லை. அவ்வாண்டிறுதிக்குள் மீண்டும் மோதல். காவலர் ஒடுக்கப்பட்டோர் வீடுகளில் புகுந்து சூறையாடினர் என்ற புகார் உயர்நீதிமன்றம் சென்றது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிரும் போயிற்று. பின்னர் 2011 அக்டோபரில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராயிருந்த அஸ்ரா கார்க் முன்னிலையில் இரு தரப்பாரும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அடுத்த மாதம் ஒடுக்கப்பட்டோர் முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுள் சென்று வழிபட்டனர். எதிர்த்தரப்புப் பெரியோர் அவர்களை வரவேற்ற காட்சியை நாடே வியந்து நோக்கிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது வரிசைமுறை. முதலில் சுவர் இடிந்தது; பிறகுதான் பேச்சு. சட்டமும் இயக்கமும் நீதிமன்றமும் நம்மவர் கையை வலுப்படுத்திய பின்னர், சமமான நாற்காலிகளில் அமர்ந்து செய்துகொண்ட உடன்பாடு அது. அதனால்தான் அதனைச் செப்பனிடும் நீதி என்று நாம் ஏற்கின்றோம். எனினும் மறைப்பதற்கில்லை: சில ஆண்டுகளுக்குள் திருவிழா குறித்து மீண்டும் சச்சரவு மூண்டு, கோயில் பூட்டப்பட்டது. அந்த அதிகாரி மாற்றலாகிச் சென்றுவிட்டார். உடன்படிக்கையைக் கண்காணிக்க நிலையான அமைப்பு எதுவும் ஊரில் இல்லை. திருச்சிக்கு நேர்ந்ததே உத்தப்புரத்துக்கும் நேர்ந்தது.

நம் பாலாற்றங்கரையிலேயே ஒரு நிகழ்ச்சி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், நம்மவர் ஒருவரின் சடலத்தைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்ல நிலக்காரர் வழி விடாமையால், பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினர். அக்காட்சி ஊர் ஊராகப் பரவிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஒருவரைச் சிறையிலடைத்தால் இத்துயர் தீருமா? தீராது. வேண்டியது வழி, வேண்டியது நிலம். இழிவுபடுத்தியோர் அதனை இழிவென்று ஒப்புக்கொள்வதும், அரசு அதனைச் சரிசெய்வதும் ஒருங்கே நடந்தால் அதுவே செப்பனிடுதல்.

புதிதாக வந்துள்ள ஒரு சட்டக்கூறையும் இங்கே சுட்டுவோம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, ‘சமுதாயச் சேவை’யை இந்தியத் தண்டனைகளின் பட்டியலில் முதன்முறையாகச் சேர்த்துள்ளது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அப்பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் சமுதாயச் சேவையே தண்டனை. குடித்துவிட்டுப் பொதுவிடத்தில் ஒழுங்கீனமாக நடத்தல், அவதூறு ஆகியவற்றுக்கும் அது விதிக்கப்படலாம். சிறுகளவுக்காகச் சிறை சென்று பெருங்களவு கற்றுத் திரும்பிய பிள்ளைகளைக் கண்டிருக்கும் நாம் இதனை வரவேற்கவே செய்கின்றோம். ஆனால் எது சேவை? ஊதியமின்றிச் சமுதாயத்துக்குப் பயன்படும் வேலை என்றே சட்டம் சொல்கிறது. இன்ன வேலை என்று சொல்லவில்லை. மேல்தெருப் பிள்ளைக்கு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் சேவையும், நம் பிள்ளைக்குச் சாக்கடை வாரும் சேவையும் விதிக்கப்படுமாயின், 1816-ஆம் ஆண்டின் சாவடியும் தொழுமரமும் வேறு பெயரில் திரும்பி வந்ததாகும். 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டைச் சிப்காட் பகுதியில் பொதுக் கழிவுநீர் நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்ட ஊர் இது. கழிவை எவன் தொடுவது என்ற கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வியன்று. வேலையை விதிக்கும்போது வழக்கறிஞர் வாயிலாக அதனை எதிர்த்துப் பேசும் உரிமை நமக்கு உண்டு, பேசுதல் வேண்டும்.

காவல்துறை நண்பர்கள் இல்லை. அவ்வாறாயின் நம் இளைஞர் நுழையத்தக்க வாயில் எது? சட்டம் ஒன்றைத் திறந்தே வைத்திருக்கிறது. நாம்தான் அதனுள் சென்று அமர்வதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 17-ஆம் விதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்கிறது. அதில் காவல் கண்காணிப்பாளர் இருப்பார். பட்டியல் சாதி, பழங்குடியினரில் அலுவலர் அல்லாதார் ஐவர் வரையும், தொண்டு நிறுவனத்தார் மூவர் வரையும் இடம்பெறலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். பின்னர் வந்த திருத்தம் கோட்ட அளவிலும் இத்தகைய குழுவை ஏற்படுத்தியது. வழக்கு எத்தனை, புலனாய்வை முடித்தது எத்தனை நாளில், துணைக் கண்காணிப்பாளர் தாமே புலனாய்வு செய்தாரா, உதவித்தொகை சேர்ந்ததா என்று கேட்கும் அதிகாரம் அக்குழுவுக்கு உண்டு. காவல்துறை நண்பர் என்பவர் அதிகாரியின் அன்பால் உள்ளே சென்றவர். இக்குழுவின் உறுப்பினர் சட்டத்தின் பேரால் உள்ளே செல்பவர். வேறுபாடு பெரிது.

இராணிப்பேட்டை 2019 நவம்பர் 28-இல் தனி மாவட்டமாயிற்று. தனி ஆட்சியர், தனிக் கண்காணிப்பாளர், எனவே தனிக்குழு. வேலூருக்குப் பேருந்து ஏறிச் சென்று காத்துக்கிடந்த காலம் போயிற்று. 2021 ஏப்ரல் 7-இல், தேர்தலுக்கு மறுநாள், அரக்கோணத்தை அடுத்த சோகனூரில் நம் இளைஞர் இருவர் கொல்லப்பட்டதைப் புது மாவட்டத்தின் தொடக்க நாள்களிலேயே கண்டோம். அத்தகைய வழக்குகளைத் தொடர்ந்து கவனித்துக் கேள்வி கேட்பதற்கே இக்குழு இருக்கின்றது.

நம் கழகம் இதுகாறும் செய்துவந்த சிறு காரியம் ஒன்றைச் சொல்லி முடிப்போம். நீல விரல் மாணவன் நிகழ்ச்சிக்குப் பின்னர், கழக அலுவலகத்தில் கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்தோம். எவர் எந்நாள் எந்நேரம் அழைத்துச் செல்லப்பட்டார், உறவினருக்குச் சொல்லப்பட்டதா, கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் உண்டா, மருத்துவச் சோதனை நடந்ததா என்று அதில் எழுதுகின்றோம். இவை யாவும் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கட்டாயமாக்கிய முறைகள். தொடக்கத்தில் நம் உறுப்பினர் நிலையத்துக்குச் சென்று கேட்டபோது ‘நீ யார் கேட்பதற்கு?’ என்றனர். இப்போது நோட்டுப் புத்தகத்தைக் கண்டதும் நாற்காலி போடும் அதிகாரியும் உண்டு. பழைய கேள்வியையே கேட்பவரும் உண்டு. புத்தகம் மூன்றாவது நடக்கிறது. இரவுமுறை வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் தொழிற்சாலை அடையாள அட்டையோடு கழகத்தின் தொலைபேசி எண்ணையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். அம்மாணவன் மறு ஆண்டு அத்தேர்வை எழுதித் தேறினான். இப்போது கழகத்தின் மாலை வகுப்பில் கணிதம் கற்பிப்பவர் அவரே.